முதலில் அறிந்தவர் கடமை

சிவமயம்



எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவருளால் இவ்வருட மகோற்சவமும் இனிதே நிறைவுற்று, ஆண்டு மலரும் உங்கள் கரங்களை வந்தடைகின்றது. விரத மகிமை, திருநீற்றின் பெருமை, ஆலய வழிபாட்டு முறை என்பன பற்றி அறிஞர்கள் இம்மலரில் அழகாக எழுதுவது வழமை. அடியேன் இம்முறை ஒரு மரணச் செய்தியைப் பற்றி எழுதத் துணிந்துள்ளேன். மங்கலமான மலரில் இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் எமது புராண இதிகாசங்கள் மரணத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக் கொள்ளவில்லை. மரணம் வந்த வேளையில் மனிதர் எப்படி நடந்தனர் என்பதைக் கூறியே அவை எமக்கு அறத்தைப் புகட்டின.

ஓர் அரசன் இறந்துவிட்டான் என்று வைத்துக் கொள்வோம். உயிர் பிரிந்த நேரம் ஒன்று. நாடு அறியும் நேரம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பொழுதில் சிலருக்கு மட்டும் உண்மை தெரியும். அவர்கள் யார்? அந்த இடைவேளையில் அவர்கள் என்ன செய்தார்கள்? இக்கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் மனிதர்களின் உள்ளம் கண்ணாடியில் தெரிவது போலத் தெரியும்.

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி எலிசபெத் மகாராணியார் ஸ்கொட்லாந்தில் உள்ள பல்மோரல் மாளிகையில் காலமானார். 1972ஆம் ஆண்டு மே 22ஆந் திகதி நாம் குடியரசாகும்வரை எமது நாட்டிற்கும் அவரே அரசியாக இருந்தவர் என்பதை இளைய தலைமுறையினர் அறியார். இறப்புச் சான்றிதழின்படி உயிர் பிரிந்த நேரம் பிற்பகல் 3.10. உலகுக்கு அறிவிக்கப்பட்டது மாலை 6.30. இடையில் மூன்று மணி இருபது நிமிடம். மூத்த மகன் சார்ள்சும் மகள் ஆனும் மாளிகையில் இருந்தார்கள். இரண்டு நாட்களுக்கு முன்னரே பதவியேற்றிருந்த பிரதம மந்திரிக்கு மாலை 4.30 மணியளவில் சொல்லப்பட்டது. வேறு பிள்ளைகளும் பேரனும் வழியில் இருந்தார்கள். அரண்மனைத் தேன்கூடுகளைப் பராமரித்தவர், அந்நாட்டுப் பழைய வழக்கப்படி, தேன்கூடுகளில் கறுப்பு நாடா கட்டித் தேனீக்களிடமும் அரசி மறைந்த செய்தியைச் சொன்னாராம். வளர்த்த உயிருக்கும் முறைப்படி சொல்ல வேண்டும் என்று எண்ணிய அந்த வழக்கத்தை எண்ணி அடியேன் வியந்தேன்.

அயோத்தியில் நடந்தது

இதே கேள்வியை எடுத்துக்கொண்டு இராமாயணத்திற்குள் செல்வோம். நாம் சைவர்களாயினும் இராமகாதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

இராமபிரான் வனம் ஏகிய ஆறாம் நாள் இரவு, நள்ளிரவு கடந்து தசரதச் சக்கரவர்த்தியின் உயிர் பிரிந்தது என்கின்றார் வான்மீகி முனிவர். அருகிலே கோசலையும் சுமித்திரையும் இருந்தார்கள். ஆனால் அழுது அழுது களைத்து உறங்கிவிட்டார்கள். மன்னன் இறந்ததை அந்த நேரத்தில் ஒருவரும் அறியவில்லை. பொழுது புலர்ந்தது. வழமைபோல் துதிபாடுவோர் வந்து பாடினார்கள். நீராட்டுவதற்கு நீர்க்குடங்கள் வந்தன. மன்னன் எழவில்லை. படுக்கையறைப் பணிப்பெண்கள் அருகே சென்று தொட்டுப் பார்த்தார்கள். அவர்களே முதலில் அறிந்தார்கள். அவர்கள் அலறிய சத்தத்தில்தான் பட்டத்தரசிகள் விழித்தார்கள்.

சக்கரவர்த்தியின் மரணத்தை முதலில் அறிந்தவர்கள் அமைச்சரும் அல்லர், குருவும் அல்லர், மனைவியும் அல்லர். நாள்தோறும் பணிவிடை செய்த பெண்கள். யார் தொண்டு செய்கின்றாரோ அவர் அருகில் இருக்கின்றார். அருகில் இருப்பவர் முதலில் அறிகின்றார். எந்தக் காலத்திலும் இது மாறவில்லை.

அயோத்தி மாநகர் அன்றே அறிந்து அழுதது. ஆனால் நான்கு பிள்ளைகளில் ஒருவர்கூட அங்கே இல்லை. இராம இலக்குவர் வனத்தில். பரத சத்துருக்கினர் நெடுந்தொலைவில் பாட்டனார் ஊரான கேகய நாட்டில். பிள்ளை இன்றிக் கிரியை செய்யலாகாது என்று அமைச்சர்கள் மன்னனின் உடலை எண்ணெய் நிறைந்த தோணியிலே இட்டுக் காத்தார்கள். மறுநாள் முனிவர்களும் மந்திரிகளும் கூடி, அரசன் இல்லாத நாடு என்னவாகும் என்று அஞ்சி வசிட்ட முனிவரிடம் முறையிட்டார்கள்.

வசிட்டர் என்ன செய்தார்? சித்தார்த்தன், விஜயன், ஜயந்தன் முதலிய தூதர்களை அழைத்தார். விரைந்து செல்லும் குதிரைகளைக் கொடுத்தார். பட்டாடைகளும் ஆபரணங்களும் எடுத்துச் செல்லப் பணித்தார். துயரத்தை முகத்தில் காட்டாமல், குருவும் மந்திரிகளும் நலம் கேட்டதாகவும், அவசர கருமம் ஒன்று உண்டு, உடனே புறப்பட வேண்டும் என்றும் பரதனிடம் சொல்லுமாறு கட்டளையிட்டார். இராமன் காடேகியதையும் தந்தை இறந்ததையும் மட்டும் சொல்லக்கூடாது என்று தடுத்தார்.

தூதர் நகருள் நுழைந்த அந்த இரவிலேயே பரதன் ஒரு கனவு கண்டான். தந்தையார் உடல் முழுவதும் எண்ணெய் பூசி எண்ணெயிலேயே மூழ்குவதாகக் கண்டு நடுங்கி எழுந்தான். எண்ணெய்த் தோணியில் தந்தை கிடப்பதை அவன் அறியான். அவன் உள்ளம் அறிந்துகொண்டது. வந்த தூதரிடம் தந்தை நலமா, அண்ணன் நலமா, தாயர் நலமா என்று ஒவ்வொருவராகக் கேட்டான். அவர்கள் சுருக்கமாக நலம் என்று சொல்லி அவசரப்படுத்தினார்கள்.

குரு ஒருவர் தூதருக்குப் பொய் சொல்லச் சொல்லலாமா? இது நியாயமான கேள்வி. வான்மீகியார் காரணத்தை விரித்துக் கூறவில்லை. ஆயினும் நாம் சிந்திக்கலாம். ஏழு இரவுகள் வழியிலே கழிக்க வேண்டிய பயணம். துணைக்குத் தாயில்லை, குரு இல்லை. ஆறுகளும் காடுகளும் கடந்து ஓடும் தேரிலே தந்தையை இழந்த பிள்ளை எப்படி வருவான்? அயோத்தியில் அரசன் இல்லை என்பதை அயல்நாட்டார் அறிந்தால் நாட்டிற்கு என்ன கேடு வரும்? வீட்டிற்கு வந்து, தன்னைச் சேர்ந்தவர்கள் நடுவில் அவன் இதைக் கேட்கட்டும் என்று வசிட்டர் எண்ணியிருக்க வேண்டும். ஒருவருக்கும் தீமை பயவாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் பெருமானும் இலக்கணம் வகுத்துள்ளார் அல்லவா? வசிட்டர் மறைத்தார், ஆனால் தமக்காக மறைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்காகவும் நாட்டிற்காகவும் மறைத்தார். அதுவும் அவன் வந்து சேரும்வரை மட்டுமே.

சொன்னவர் இருவர்

அயோத்திக்கு வந்த பரதன் நேராகத் தந்தையின் மாளிகைக்குச் சென்றான். அங்கே தந்தை இல்லை. தாயிடம் ஓடினான். அங்கேதான் துயரம் நடந்தது. அந்தக் கொடிய செய்தியைக் கைகேயி இனிய செய்தி போலச் சொன்னாள் என்று எழுதுகின்றார் வான்மீகி. எல்லா உயிர்களும் போகும் வழியே உன் தந்தையும் போனார் என்று சொல்லிவிட்டு, விழுந்து புரண்ட பிள்ளையை எழுந்திரு எழுந்திரு என்றாள். பரதன் கேட்டதெல்லாம், கடைசி நேரத்தில் தந்தை என்ன சொன்னார் என்பதே. அவளோ சிறிது நேரத்தில் இராச்சியம் உனக்கே என்பதற்கு வந்துவிட்டாள்.

அதே செய்தி மீண்டும் ஒரு முறை சொல்லப்பட வேண்டியிருந்தது. நால்வரில் மூத்தவராகிய இராமபிரான் இன்னும் அறியவில்லை. பரதன் சித்திரகூட மலைக்குச் சென்று, காலில் விழுந்து, அழுதுகொண்டே சொன்னான். இராமர் மயங்கி விழுந்தார். தம்பியர் தாங்கிப் பிடித்தார்கள். பின்னர் எல்லோரும் மந்தாகினி ஆற்றில் இறங்கி நீர்க்கடன் செய்து, இலந்தைப் பழத்துடன் பிசைந்த இங்குதிப் பிண்ணாக்கையே பிண்டமாக வைத்தார்கள்.

அடியார்களே, இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செய்தி ஒன்றுதான். கைகேயி சொன்னபோது அது பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தது. பரதன் சொன்னபோது அது அண்ணன் தம்பியரை ஒன்றாகச் சேர்த்தது. சொன்னவர் உள்ளத்தில் என்ன இருந்ததோ அதுவே கேட்டவர் உள்ளத்தில் போய் விழுந்தது.

மீன் வண்டிகள்

மறைத்தல் எல்லாம் வசிட்டர் மறைத்தது போன்றதன்று. சீன தேசத்தின் முதற் சக்கரவர்த்தியான சின் ஷி குவாங் கி.மு. 210இல் நாட்டைச் சுற்றிப் பயணம் செய்கையில் வழியில் இறந்தார். அறிந்தவர்கள் பிரதம மந்திரி லி சு, அரண்மனை அதிகாரி சாவ் காவ், உடன் வந்த இளைய மகன், ஒரு சில ஏவலாளர் ஆகியோர் மட்டுமே. உடலை மூடிய வண்டியிலே வைத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்கள். உயிரோடிருப்பவருக்குப் போலவே வேளை தவறாமல் உணவு போயிற்று. அதிகாரிகள் வண்டியின் வெளியே நின்று விண்ணப்பம் செய்தார்கள். கோடைகாலமாகையால் நாற்றம் எழுந்தது. அதை மறைக்க வண்டிகளிலே உப்பிட்ட மீனை ஏற்றிக் கூட்டிச் சென்றார்கள் என்று சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதி வைத்துள்ளார்.

எதற்காக இவ்வளவும்? பட்டத்துக்குரிய மூத்த மகன் பூசூ வடக்கெல்லையில் இருந்தார். இறந்த தந்தையின் பெயரில் பொய்க் கடிதம் ஒன்று எழுதி, நீ உயிரை மாய்த்துக்கொள் என்று அவருக்கு அனுப்பினார்கள். தந்தையின் கட்டளை என்று நம்பி அந்தப் பிள்ளை உயிரை விட்டது. இளையவன் அரியணை ஏறினான். ஒரு சில ஆண்டுகளுக்குள் அந்த இராச்சியமே அழிந்தது. அதற்கு முன்னரே லி சுவைச் சாவ் காவ் கொல்வித்தான். சாவ் காவும் கொல்லப்பட்டான்.

வசிட்டரும் தொலைவில் இருந்த பிள்ளைக்குச் செய்தியை மறைத்தார். இவர்களும் தொலைவில் இருந்த பிள்ளைக்குச் செய்தியை மறைத்தார்கள். அவர் மறைத்தது உரிய பிள்ளையை வீட்டிற்கு அழைத்து வருவதற்கு. இவர்கள் மறைத்தது உரிய பிள்ளை வீட்டிற்கு வராமலே போவதற்கு. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கடவுளுக்கு வேறுபாடு தெரியும். நெஞ்சுக்கும் தெரியும்.

பத்திரிகையும் பிள்ளையும்

அண்மைக் காலத்திற்கு வருவோம். 1936ஆம் ஆண்டு சனவரி 20ஆந் திகதி நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இறந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1986இல், அவருடைய வைத்தியர் டோசன் பிரபுவின் குறிப்புகள் வெளியாயின. மரணப் படுக்கையில் கிடந்த மன்னருக்குத் தாமே மோர்பியாவும் கொக்கெயினும் ஊசி மூலம் ஏற்றி முடிவை விரைவுபடுத்தியதாக அவர் எழுதியிருந்தார். வேதனையைச் சுருக்குவது ஒரு காரணம். மரணச் செய்தி தரங்குறைந்த மாலைப் பத்திரிகைகளில் வராமல், மதிப்பு வாய்ந்த காலைப் பத்திரிகையில் முதலில் வரவேண்டும் என்பது இன்னொரு காரணம். மன்னரின் மரணத்தை அது நிகழுமுன்னரே அறிந்த ஒருவர் இருந்தார் என்றால் அவர் இவரே. உயிர் எப்போது பிரிய வேண்டும் என்பதை ஆண்டவன் கையிலிருந்து எடுத்துப் பத்திரிகை அச்சாகும் நேரத்தோடு பொருத்திவிட்டார். செய்தி பெரிதாகி மனிதன் சிறிதாகிவிட்டால் நடப்பது இதுதான்.

அவருடைய மகன் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் 1952ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி உறக்கத்திலேயே காலமானார். அயோத்தியில் நடந்தது போலவே, காலையில் அவரை எழுப்பச் சென்ற பணியாளரே முதலில் அறிந்தார். அதிகாரிகள் தமக்குள் பேசிக்கொள்ளக் குறிச்சொல் வைத்திருந்தார்கள். அன்று முற்பகலிலேயே லண்டனில் அறிவித்தும் விட்டார்கள். மூத்த மகள் எலிசபெத் அப்போது ஆபிரிக்காவில் கென்யா நாட்டில் பயணத்தில் இருந்தார். லண்டன் மக்கள் அறிந்து, வானொலி சொல்லி, பத்திரிகையாளர் ஒருவர் வாயிலாகச் செயலாளருக்கு எட்டி, அவர் தொலைபேசியில் சொல்லி, கடைசியில் கணவர் பிலிப் அவரைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று தனிமையில் சொன்னார். ஊரெல்லாம் அறிந்த பின்னரே, தான் இப்போது ஒரு நாட்டின் அரசி என்பதையும், அதற்கு மேலாகத் தகப்பன் இல்லாத பிள்ளை என்பதையும் அவர் அறிந்தார். ஆயினும் அந்தச் செய்தியை அவர் வானொலியில் கேட்கவில்லை. சொல்லவேண்டியவர் வந்து, தோளருகே நின்று சொன்னார். அந்தளவிலாவது அவர் பாக்கியசாலி.

திருக்கோவலூர் வாயிற்காவலன்

இவை எல்லாவற்றிலும் உயர்ந்த உதாரணம் எமது பெரியபுராணத்திலே உண்டு. மெய்ப்பொருள் நாயனார் சேதி நாட்டிலே திருக்கோவலூரிலிருந்து அரசு புரிந்தவர். போரிலே அவரை வெல்லமுடியாத முத்தநாதன் என்பவன் உடல் முழுவதும் திருநீறு பூசி, அடியார் வேடம் தாங்கி, சுவடிக் கட்டுக்குள்ளே ஆயுதத்தை மறைத்துக்கொண்டு வந்தான். வாயில்கள் பல கடந்து பள்ளியறை வாயிலை அடைந்தபோது தத்தன் என்னும் காவலன் தடுத்தான். ஆகமம் உபதேசிக்க வந்தேன் என்று சொல்லி உள்ளே புகுந்தான். அரசர் தேவியாரை அப்பால் அனுப்பிவிட்டு, வந்தவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கியபோது, அவன் தான் நினைத்து வந்ததைச் செய்துவிட்டான்.

அந்த நேரத்தில் அதை அறிந்தவன் உலகத்திலே ஒருவன் மட்டுமே. அவன் தத்தன். வாளை உருவிக்கொண்டு பாய்ந்தான். விழுந்துகொண்டிருந்த அரசர் கையால் தடுத்து, இவர் எம்மைச் சேர்ந்தவர் என்றார். அடியேன் என்ன செய்யவேண்டும் என்று தத்தன் கேட்டான். வழியிலே ஒருவரும் துன்பம் செய்யாதபடி இவரைக் கொண்டுபோய் விட்டுவருவாய் என்றார் அரசர்.

தத்தனின் நிலையை எண்ணிப் பாருங்கள். தன் அரசனைக் கொன்றவன் கையெட்டும் தூரத்தில் நிற்கின்றான். வாசலுக்கு வந்து ஒரு குரல் கொடுத்தால் நகரமே திரண்டு வந்து அவனை முடித்துவிடும். தத்தன் அந்தக் குரலைக் கொடுக்கவில்லை. செய்தி எப்படியோ பரவி மக்கள் சூழ்ந்துகொண்டபோதும் அரசரின் ஆணையை எடுத்துச் சொல்லி அவர்களை விலக்கினான். ஊர் எல்லை கடந்து விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தான். அதுவரை தம் உயிரைத் தாங்கிக்கொண்டிருந்தார் நாயனார். அடியார் வேடத்தில் வந்தவர் இடரின்றிச் சென்றார் என்று தத்தன் சொன்ன பிறகே, நீ செய்ததை யார் செய்யவல்லார் என்று மகிழ்ந்து, திருநீற்றின் அன்பைக் காக்குமாறு உற்றாருக்கு உரைத்து, இறைவன் திருவடி சேர்ந்தார்.

முதலில் அறிந்தவனிடம் இறப்பவர் ஒன்றை ஒப்படைத்துவிட்டுப் போகின்றார். தத்தனிடம் ஒப்படைக்கப்பட்டது ஒரு திருவேடத்தின் மானம். வசிட்டரிடம் ஒப்படைக்கப்பட்டது தொலைவில் இருந்த ஒரு பிள்ளை. எனவே மரணச் செய்தி என்பது முதலில் அறிந்தவனின் சொத்தாகாது. உரியவர் கையில் சேர்க்கும்வரை அவனிடம் தங்கியிருக்கும் அடைக்கலப் பொருள் அது.

அடியேன் அரச சேவையில் இலிகிதராகக் கடமையாற்றியவன். இடமாற்றப் பட்டியலும் ஓய்வு பெறுவோர் பட்டியலும் அறிவித்தற் பலகைக்கு வருமுன் தட்டச்சு மேசைக்கு வரும். யாருடைய பெயர் அதில் இருக்கின்றது என்பது அதைத் தட்டச்சுச் செய்பவருக்குத் தெரியும். தேநீர் வேளையில் எத்தனையோ பேர் வந்து மெல்லக் கேட்பார்கள். கடிதம் உரியவர் கையில் கிடைக்கும்வரை வாய் திறக்கக்கூடாது என்பதே எங்கள் தலைமை இலிகிதர் கற்றுத்தந்த முதற் பாடம். கோயிற் கடமைக்கும் அதுவே பொருந்துகின்றது என்பதைப் பின்னாளில் கண்டுகொண்டேன்.

எங்கள் ஊரில்

அரசர் காலம் போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ அம்மம்மாவோ அந்த வீட்டின் அரசராக அரசியாக இருந்து மறைகின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பரதனைப் போலத் தொலைவில் இருக்கின்றார்கள். ஒருவர் கனடாவில், ஒருவர் சுவிசில், ஒருவர் கொழும்பில்.

இங்கே முதலில் அறிகின்றவர்கள் யார்? பராமரித்தவர், பக்கத்து வீட்டுக்காரர், தாதி, வைத்தியர், ஓட்டோ ஓட்டிச் சென்ற தம்பி, கிராம சேவையாளர், பந்தற்காரர். கோயில் வீதியிலே ஒரு சாவு நிகழ்ந்தால் பூசை நேரத்தை ஒழுங்கு செய்வதற்காகக் குருக்கள் ஐயாவுக்கும் எங்களுக்கும் உடனே சொல்லிவிடுகின்றார்கள். முன்னர் ஒருவர் சைக்கிளில் போய் வீடு வீடாகச் சொன்னார். தொலைவில் உள்ளவர்களுக்குத் தந்தி போயிற்று. சொல்லப் போனவர் படலையைத் திறந்து, முற்றத்தில் நின்று, வீட்டில் யார் இருக்கின்றார்கள் என்று பார்த்துத்தான் வாய் திறந்தார். நெஞ்சு வருத்தக்காரர் இருந்தால் வேறு ஒருவரைக் கூப்பிட்டுச் சொன்னார். படிப்பறிவு இல்லாத அந்த மனிதருக்கு வசிட்டரின் நுட்பம் தெரிந்திருந்தது.

இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைத்தொலைபேசி இருக்கின்றது. உயிர் பிரிந்து அரைமணி நேரம் ஆகுமுன்னரே முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் படம் வந்துவிடுகின்றது. கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, மெழுகுதிரிப் படமும் போட்டுவிடுகின்றார்கள். வெளிநாட்டில் இரவு வேலை முடித்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் பிள்ளை, தன் தாயின் படத்திற்குக் கீழே முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய அனுதாபத்தைப் படித்துத்தான் தாய் இறந்ததை அறிகின்றது. பக்கத்தில் தோள்கொடுக்க ஒருவருமில்லை. இப்படிப் பல குடும்பங்களுக்கு நடந்துள்ளது. அந்தப் பிள்ளை பின்னர் ஊருக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பஸ் பயணத்தை மறப்பதில்லை.

படம் போட்டவர் கெட்டவர் அல்லர். பாசத்தினாலேயே போட்டிருப்பார். ஆனால் முதலில் அறிந்தவன் நான் என்று காட்டும் ஒரு சிறிய ஆசையும் அந்தப் பாசத்தோடு கலந்துவிடுகின்றது. அந்த ஆசையை அடக்குவதும் ஒரு விரதந்தான். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடக்கின்ற எம்மால் ஆறு மணி நேரம் ஒரு செய்தியைப் பொறுத்துக்கொள்ள முடியாதா?

ஆகவே மூன்று விடயங்களை உங்கள் முன் பணிவுடன் வைக்கின்றேன். முதலாவது, ஒரு வீட்டில் இறப்பு நிகழ்ந்தால் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லியாயிற்றா என்று கேளுங்கள். ஆயிற்று என்று அவர் சொல்லும்வரை படமோ எழுத்தோ எங்கும் போகவேண்டாம். கோயில் ஒலிபெருக்கியிலும் அதன் பின்னரே அறிவிப்போம். இரண்டாவது, தொலைவில் உள்ள பிள்ளைக்குச் சொல்லும்போது, அவரோடு அந்த நேரத்தில் யார் இருக்கின்றார்கள் என்று விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். தனியே இருந்தால் அருகில் உள்ள உறவினர் ஒருவரை முதலில் அங்கே அனுப்புங்கள். மூன்றாவது, காணிப் பேச்சையும் நகைப் பேச்சையும் அந்தச் செய்தியோடு சேர்த்து அவிழ்க்காதீர்கள். பரதன் கேட்டதுபோல், கடைசியாக என்ன சொன்னார் என்றே எந்தப் பிள்ளையும் கேட்கும். அருகில் இருந்தவர் அதைக் கவனித்து வைத்திருந்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அதைவிடப் பெரிய முதுசொம் அந்தப் பிள்ளைக்கு வேறில்லை.

மறைக்கவேண்டும் என்று நான் சொல்வதாக ஒருவரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். ஒரு மரணச் செய்தியைக் கேட்கும் உரிமை இரத்த உறவுக்கு உண்டு. யுத்தம் 2009இல் ஓய்ந்த பிறகும், தம் பிள்ளை இருக்கின்றதா இல்லையா என்ற செய்தி ஒருவர் வாயிலிருந்தும் வராமல் காத்திருக்கின்ற தாய்மாரை நாம் அறிவோம். அவர்களுக்குத் திதி கொடுக்க ஒரு நாள் இல்லை; பொட்டை அழிக்கவோ வைக்கவோ மனம் இல்லாத மருமக்களும் வீட்டில் இருக்கின்றார்கள். அந்தத் தாய்மார் எமது தேர்த் திருவிழாவிலும் வந்து நின்று கைகூப்பி அழுததைக் கண்டோம். செய்தி கிடைக்காத துயரத்தை அவர்கள் முகத்தில் பார்த்தவர்கள், ஒரு செய்தியை விளையாட்டாகக் கையாளமாட்டார்கள். எங்கேயாவது ஒரு தாயின் பிள்ளையைப் பற்றி அறிந்தவர் எவராவது இருந்தால், அவரிடம் இருப்பதும் அடைக்கலப் பொருளே. அதை உரியவரிடம் சேர்க்காமல் வைத்திருப்பது வசிட்டர் வழியன்று. மீன் வண்டி ஓட்டியவர்கள் வழி.

அடியார்களே, எமது மரணச் செய்தியையும் ஒருநாள் ஒருவர் முதலில் அறிவார். அவர் யாரென்று எமக்குத் தெரியாது. பணிவிடை செய்யும் பெண்ணாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பையனாக இருக்கலாம். அவர் தத்தனைப் போல நடக்கவேண்டும் என்று நாம் விரும்பினால், இன்று பிறர் வீட்டில் நாம் தத்தனாக நடப்போம்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் முன்னதாக அறிந்திருந்தும் உரிய வேளைவரை மௌனமாக இருக்கின்றவர் எம்பெருமான் ஒருவரே. அவரது திருவடிகளைச் சிந்தித்து, இவ்வருடம் எம்மை விட்டுப் பிரிந்த அடியார் அனைவரின் ஆன்மாக்களும் சாந்தி பெறவும், காத்திருப்போர் மனங்கள் ஆறுதலடையவும், எம் ஊர் செழித்தோங்கவும் பிரார்த்திப்போமாக.

சுபம்.

தர்மகர்த்தா சபை உறுப்பினர்,
ஓய்வுபெற்ற அரசாங்க இலிகிதர்